பழைய பின்னல் எந்திரமும் புதிய திரையும்

திருப்பூரின் பின்னல் கூடங்களில் ஓடும் வட்டப் பின்னல் எந்திரங்களுக்கு ஆயுள் அதிகம். நல்ல எண்ணெயும் நல்ல ஃபிட்டரும் வாய்த்துவிட்டால் ஓர் எந்திரம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஊசி தேய்ந்தால் ஊசியை மாற்றலாம். சிங்கர் தேய்ந்தால் சிங்கரை மாற்றலாம். வேண்டுமானால் சிலிண்டரையே மாற்றிக்கொள்ளலாம். ஆகவே எந்திரம் பழையது என்பதற்காக அதை இரும்புக் கடைக்கு அனுப்பிவிட யாரும் விரும்புவதில்லை.

இத்தகைய பழைய எந்திரங்களுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய உறுப்பைச் சேர்க்கிறார்கள். சுழலும் பகுதிக்கு அருகில் ஓர் உணரி. பக்கத்தில் ஒரு சிறு மின்னணுப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி, அல்லது வானொலி அலை. முடிவில் கூடத்துச் சுவரிலோ முதலாளியின் கைப்பேசியிலோ ஒரு திரை. எந்த எந்திரம் ஓடுகிறது, எது நின்றிருக்கிறது, இன்று எத்தனை கிலோ துணி இறங்கியது, எத்தனை நிமிடம் வீணாயிற்று என்பவை எல்லாம் வண்ண எண்களாகத் திரையில் ஒளிர்கின்றன.

புது எந்திரம் வாங்க முடியாத சிறு கூடத்துக்கும் கணக்கறியும் வசதி கிடைக்கிறது என்பதால் இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் திரையில் தெரியும் எண்கள் அனைத்தும் ஒரே தகுதி உடையவை அல்ல. அவற்றுள் சில அளக்கப்பட்டவை, சில கணிக்கப்பட்டவை, சில ஒருவர் சொல்ல மற்றொன்று பதிவு செய்தவை. இம்மூன்றையும் பிரித்துக் காட்டாமல் ஒரே நிறத்தில் ஒரே அளவில் காட்டுவதுதான் இக்கருவிகளின் பெருங்குறை. அக்குறை எவ்வாறு தோன்றுகிறது, அதனால் யாருக்கு இழப்பு, அதை எவ்வாறு நீக்கலாம் என்பதை இங்கே ஆராய்வோம்.

எந்திரம் பேசும் மொழி

பழைய எந்திரத்துக்கு எண் தெரியாது. அதற்குத் தெரிந்தது துடிப்பு ஒன்றே. எந்திரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புத் துண்டின் பாதையில் ‘பிராக்ஸிமிட்டி ஸ்விட்ச்’ எனப்படும் அணுகுணரியைப் பொருத்துகிறார்கள். அதனுள் இருக்கும் கம்பிச் சுருள் உயர் அதிர்வெண்ணில் மாறும் காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இரும்பு சில மில்லிமீட்டர் நெருக்கத்துக்கு வந்ததும் அதில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து புலத்தின் ஆற்றலை உறிஞ்சுகின்றன. அலைவு தளர்கிறது, உணரி ஒரு துடிப்பை வெளியிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. இவ்வளவுதான் எந்திரம் சொல்லும் செய்தி.

மின்னணுப் பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணி வலையமைப்புக்குப் புரியும் மொழியில் மாற்றித் தருகிறது. தொழிற்கூடங்களில் பெரிதும் வழங்கும் அத்தகைய மொழி மோட்பஸ். அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் அதை வெளியிட்டது 1979-ஆம் ஆண்டில். அச்செய்தியைச் சுமந்து செல்லும் ஆர்.எஸ். 485 என்ற கம்பி முறை 1983-இல் தரமாக்கப்பட்டது. முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டையே இம்முறை செய்தியாகக் கொள்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குவதால் வேறுபாடு கெடுவதில்லை. எனவே 1200 மீட்டர் தொலைவு வரையில் செய்தி போய்ச் சேருகிறது. ‘பழையது’ என்று நாம் அழைக்கும் எந்திரங்களில் பல, ‘புதியது’ என்று விற்கப்படும் இம்மொழியைவிட வயதில் இளையவை! ஆகவே சிக்கல் வயதில் இல்லை, மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது.

கடலிலும் இதே கதை

இது திருப்பூருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். புதிய படகுகளில் இன்ஜின், ஆழமானி, திசைகாட்டி ஆகியவை எல்லாம் ஒரே கம்பி வலையில் இணைந்து ஒரே திரையில் தெரிகின்றன. அதற்கென அமெரிக்கக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் வகுத்த ‘நிமியா 2000’ என்ற முறையில் செய்தி விநாடிக்கு இரண்டரை இலட்சம் துணுக்குகள் என்ற வேகத்தில் ஓடுகிறது. பழைய இன்ஜினை இவ்வலையில் சேர்க்க வேண்டுமானால் இடையில் ஒரு மாற்றுப் பெட்டி தேவை.

பழைய இன்ஜின் தன் வேகத்தை மின்னாக்கியின் துடிப்புகளாகத் தருகிறது. மின்னாக்கியில் 12 துருவங்கள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 துடிப்புகள். பெட்டியில் தவறுதலாக 4 என்று அமைத்துவிட்டால் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இன்ஜின் திரையில் 4500 என்று காட்டும். எரிபொருள் தொட்டியின் கதை இன்னும் வேடிக்கையானது. அமெரிக்க வழக்கப்படி செய்த மிதவை உணரி, காலித் தொட்டிக்கு 240 ஓம், நிறைந்த தொட்டிக்கு 33 ஓம் தடை காட்டும். ஐரோப்பிய வழக்கில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்றுக்கு மற்றொன்றின் அட்டவணையைக் கொடுத்துவிட்டால், காலித் தொட்டி திரையில் நிறைந்த தொட்டியாகத் தோன்றும்! கம்பி சரி, பெட்டி சரி, திரையும் சரி. தவறு இடையில் இருந்த ஓர் அனுமானத்தில். நடுக்கடலில் இதன் விலை என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

பின்னல் கூடத்தில் யாரும் மூழ்கிவிடப் போவதில்லை. ஆனால் அங்கும் ஓர் அனுமானம் எண்ணாக வேடமிட்டு நிற்கிறது.

சுற்று எப்படிக் கிலோ ஆகிறது?

திரையில் தெரியும் ‘கிலோ’ எங்கிருந்து வந்தது? எந்திரத்தில் தராசு இல்லை. சுற்றுகளை எண்ணி அதிலிருந்து எடையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அக்கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்.

30 அங்குல விட்டம், 24 கேஜ், 90 ஃபீடர் உள்ள ஒரு சிங்கிள் ஜெர்சி எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். கேஜ் என்பது ஓர் அங்குலத்தில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கை. ஆகவே சுற்றளவில் ஏறத்தாழ 2262 ஊசிகள் இருக்கும். ஒவ்வோர் ஊசியும் ஒவ்வொரு ஃபீடரிலும் ஒரு கண்ணி போடுகிறது. ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூல், அதாவது லூப் நீளம், 2.8 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு சுற்றில் ஒரு ஃபீடர் 6.33 மீட்டர் நூல் இழுக்கும். 90 ஃபீடர்களும் சேர்ந்து சுமார் 570 மீட்டர். 30-ஆம் கவுண்ட் நூலில் ஆயிரம் மீட்டருக்கு எடை 19.7 கிராம். எனவே ஒரு சுற்றுக்குத் துணியின் எடை ஏறக்குறைய 11.2 கிராம். 20 கிலோ ரோலுக்கு 1783 சுற்று. நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால், நிற்காமல் ஓடும்போது, 71 நிமிடத்தில் ஒரு ரோல்.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அளந்தது எது? 1783 என்ற சுற்று ஒன்றே. 2.8 என்பதும் 30 என்பதும் யாரோ ஒருவர் பெட்டியில் தட்டச்சு செய்த எண்கள். ஃபிட்டர் தரத்துக்காகக் கண்ணியைச் சற்று இறுக்கி 2.7 ஆக்கிவிட்டு, பெட்டியில் அதை மாற்ற மறந்துவிட்டால் அதே 1783 சுற்றில் 19.3 கிலோ துணிதான் இறங்கும். திரையோ 20 கிலோ என்றே அடித்துச் சொல்லும். பத்து ரோலுக்கு ஏழு கிலோ வேறுபாடு. நூலின் கவுண்ட் லேசாக மாறினாலும் இவ்வாறே. பருத்தி காற்றின் ஈரத்தை ஏற்கும் இயல்புடையது. தரக் கணக்கில் அதன் ஈரப்பதம் 8.5 விழுக்காடு. வறண்ட கோடையில் அது 6.5-க்கு இறங்கினால் எடையில் கிட்டத்தட்ட 2 விழுக்காடு குறையும். உணரிக்கு இவற்றுள் எதுவும் தெரியாது.

பின்னல் ஜாப் ஒர்க்கில் கூலி கிலோ கணக்கில் பேசப்படுகிறது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நூல் கொடுத்தவர் ஒரு கணக்கும், துணி இறக்கியவர் ஒரு கணக்கும் வைத்திருக்கையில், இடையிலுள்ள வேறுபாட்டுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். ‘கம்ப்யூட்டர் 20 கிலோ என்கிறது, துணி எங்கே போயிற்று?’ என்ற கேள்வி எந்திரத்தின் அருகில் நிற்பவரை நோக்கியே எழும்.

சுற்றாத சுற்றுகள்

சுற்றின் எண்ணிக்கையாவது பழுதற்றதா என்றால் அதிலும் எச்சரிக்கை வேண்டும். எந்திரம் நிற்கும்போது இரும்புத் துண்டு உணரியின் எல்லை விளிம்பிலேயே நின்றுவிட்டால், பக்கத்து எந்திரங்களின் அதிர்வினால் அது எல்லைக்கு உள்ளும் புறமும் ஆடக்கூடும். நின்றிருக்கும் எந்திரம் அப்போது சுற்றுவதாகத் துடிப்பு வரும். நூல் அறுந்து, ஊசிகளிலிருந்து துணி கழன்று விழுந்துவிட்டால், மீண்டும் துணி பிடிக்கும் வரை எந்திரத்தை மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். அச்சுற்றுகளில் நல்ல துணி இல்லை, எண்ணிக்கை உண்டு. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் எழுப்பும் மின் இரைச்சல், உறையில்லாத உணரிக் கம்பியில் புகுந்து பொய்த் துடிப்புகளை உண்டாக்குவதும் உண்டு.

நேர்மாறான பிழையும் நேரும். எந்திரம் தன் எண்ணிக்கையைத் தானே சேர்த்து வைக்காமல், திரை நிமிடத்துக்கு ஒரு முறை ‘ஓடுகிறாயா?’ என்று கேட்டுக் கணக்கிடும் அமைப்பாக இருந்தால், இடையே 30 விநாடி நின்று மீண்டும் ஓடியது தெரியாமலே போகலாம். மின்தடையில் நினைவை இழக்கும் பெட்டியாக இருந்தால் ஒரு ஷிப்டின் கணக்கே மறைந்துவிடும். பல் சக்கரங்களால் ஆன பழைய எண்ணிக்கை மானிக்கு இந்தக் கவலை இல்லை. மின்சாரம் போனாலும் அது காட்டிய எண் அப்படியே நிற்கும். புதிய கருவி பழைய கருவியைவிட ஒரு வகையிலேனும் தாழ்ந்திருக்குமானால், அந்தக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும்.

நின்றது தெரியும், ஏன் என்று தெரியுமா?

திரையில் ‘நின்ற நேரம்’ என்ற எண்ணுக்கு அருகில் பெரும்பாலும் ‘காரணம்’ என்று ஒரு பத்தியும் இருக்கும். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை.

வட்டப் பின்னல் எந்திரத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு ஸ்டாப் மோஷன் உண்டு. நூல் அறுந்ததும் அதன் கொக்கி விழுந்து சுற்றை இணைக்க, எந்திரம் நிற்கிறது. அந்த இடத்தில் சிறு விளக்கு எரிகிறது. ஆனால் பழைய எந்திரங்களில் இந்தத் தொண்ணூறு ஸ்டாப் மோஷன்களும் தனித்தனிக் கம்பியில் பெட்டிக்கு வருவதில்லை. அவை இணையாகப் பிணைக்கப்பட்டு ஓரிரு கம்பிகளாகவே கட்டுப்பாட்டுப் பலகைக்கு வந்து சேருகின்றன. எந்த நூல் அறுந்தது என்பது விளக்கைப் பார்க்கும் மனிதக் கண்ணுக்குத் தெரியும்; கம்பிக்குத் தெரியாது. நூல் நைந்திருந்ததா, கோன் சரியாகச் சுற்றப்படவில்லையா, ஊசியின் நாக்கு முறிந்ததா என்பவை அதனினும் தெரியா.

ஆகவே கருவி செய்பவர்கள் சில பொத்தான்களை வைக்கிறார்கள். நூல் அறுந்தது, ஊசி மாற்றம், கோன் மாற்றம், மின்தடை, ஆள் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். எந்திரம் நின்றதும் தொழிலாளி ஒன்றை அழுத்த வேண்டும். ஒருவரே பல எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் கூடத்தில் முதலில் நூலை முடிவாரா, பொத்தானை அழுத்துவாரா? திருப்பூரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் பெருமளவில் பணிபுரிகின்றனர். பொத்தானில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவிட்டால் அவர் எதை அழுத்துவார்? எந்தப் பொத்தானும் அழுத்தப்படாவிட்டால் அதை ‘ஆள் இல்லை’ என்று பதிவு செய்யலாம் என ஒரு பொறியாளர் எங்கோ அமர்ந்து முடிவு செய்திருந்தால், நைந்த நூலின் குற்றம் மாதக் கடைசியில் தொழிலாளியின் குற்றமாக அச்சாகி வரும்.

இங்கே பதிவானது எந்திரத்தின் வாக்குமூலம் அன்று. மனிதர் சொன்னது, அல்லது சொல்லாமல் விட்டது. ஆயினும் திரையில் வந்துவிட்டதால் அது அறிவியல் உண்மையாகக் கருதப்படுகிறது. இதைத்தான் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அறுந்த கம்பியும் நின்ற எந்திரமும்

இன்னொரு நுட்பமும் உண்டு. துடிப்பு வரவில்லை என்றால் எந்திரம் நின்றிருக்கலாம். உணரியின் கம்பி அறுந்தும் இருக்கலாம். திரைக்கு இரண்டும் ஒன்றே. இந்தத் தொல்லையை அளவியல் பொறியாளர்கள் நெடுநாள் முன்பே உணர்ந்து ஒரு வழி கண்டனர். ஓட்டமானி போன்ற கருவிகள் தம் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகின்றன. சுழி அளவுக்கு 4 மில்லி ஆம்பியர். கம்பி அறுந்தால் மட்டுமே சுழி மின்னோட்டம். ‘ஒன்றுமில்லை’ என்பதையும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதையும் அந்தக் கருவி பிரித்துச் சொல்கிறது.

திருப்பூருக்கு இந்தப் பாடம் புதியதன்று. நொய்யலில் கலந்த சாயக்கழிவு பற்றிய வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும், கழிவுநீரை அறவே வெளியேற்றாத முறை அதன் பின்னர் வலுவாக்கப்பட்டதையும் ஊரார் அறிவர். 2014-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், மாசு மிகுந்த தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி அளவுகளை நேரடியாக அனுப்ப வேண்டும் எனப் பணித்தது. அங்கே கருவியை நிறுவுவதோடு கடமை முடிவதில்லை. அது காட்டும் அளவைச் சோதனைக்கூட அளவோடு ஒப்பிட்டுத் திருத்தி வர வேண்டும். ஆற்று நீருக்கு நாம் கேட்கும் அந்த நாணயத்தைத் தொழிலாளியின் உழைப்புக் கணக்குக்கும் கேட்பது முறையல்லவா?

செய்யத்தக்கவை

குறை சொல்வதோடு நிறுத்துவது அறிவியல் அன்று. இக்குறைகளை நீக்கப் பெருஞ்செலவு தேவையில்லை.

முதலாவது, சுற்றுகளை எந்திரத்தின் அருகிலுள்ள பெட்டியே எண்ணி, மின்சாரம் போனாலும் அழியாத நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வலைக்கு வேகத்தை மட்டும் அனுப்பாமல் மொத்தக் கூட்டலை அனுப்ப வேண்டும். ஒரு செய்தி தவறினாலும் அடுத்த செய்தி அதை ஈடுசெய்துவிடும்.

இரண்டாவது, சற்றுத் தள்ளி இரண்டு உணரிகளை வைத்து, முதலாவதும் இரண்டாவதும் முறையாக மாறி மாறித் துடித்தால் மட்டுமே ஒரு சுற்று என்று கொள்ள வேண்டும். அதிர்வினால் வரும் பொய்த் துடிப்பு அடங்கிவிடும். உணரிக் கம்பிக்கு உலோக உறையும், பெட்டியின் வாயிலில் ஒளி வழியே செய்தி கடத்தும் மின்பிரிப்பானும் இரைச்சலைத் தடுக்கும்.

மூன்றாவது மிக முக்கியமானது. ஃபீடர்களுக்கு நூலைச் சீராக அளந்து ஊட்டும் நாடாப் பட்டையின் சக்கரத்திலும் ஓர் உணரி வைக்கலாம். ஒரு சுற்றுக்குள் பட்டை எத்தனை மீட்டர் நகர்ந்தது என்பது தெரிந்தால், அதை ஊசிகளின் எண்ணிக்கையால் வகுக்க லூப் நீளம் கிடைத்துவிடும். நம் எடுத்துக்காட்டில் 6.33 மீட்டர் என்றால் 2.8, 6.11 மீட்டர் என்றால் 2.7. ஃபிட்டர் கைக்கருவி கொண்டு அவ்வப்போது பார்ப்பதை எந்திரம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு சிறு உணரி, ஓர் அனுமானத்தை அளவாக மாற்றிவிடுகிறது.

நான்காவது, ஒவ்வொரு ரோலையும் தராசில் வைத்த எடையை அதன் சுற்று எண்ணிக்கையோடு சேர்த்துப் பதிய வேண்டும். இரண்டும் ஒத்துவராத அன்றே காரணம் தேடலாம். தராசே இறுதித் தீர்ப்பு.

ஐந்தாவது, காரணப் பொத்தான்களில் எழுத்தோடு படமும் இருக்க வேண்டும். அழுத்தப்படாத நிறுத்தத்தைக் ‘காரணம் தெரியவில்லை’ என்றே பதிய வேண்டும். அந்தப் பதிவைத் தொழிலாளியும் பார்க்க முடிய வேண்டும். தவறாயின் மறுக்கவும் முடிய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, திரையில் அளந்த எண் ஒரு நிறத்திலும், கணித்த எண் மற்றொரு நிறத்திலும், மனிதர் சொன்னது வேறொரு நிறத்திலும் தெரிய வேண்டும். இதற்குத் தனிக் கருவியே வேண்டா. நிரலில் சில வரிகள் போதும்.

எந்திரவியலும் மின்னணுவியலும் பயிலும் மாணவர்கள் நாளை இத்தகைய பெட்டிகளை வடிவமைக்கப் போகிறவர்கள். ஒரு பழைய எந்திரத்தைப் புதிய வலையில் இணைக்கும்போது அவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இதிலிருந்து எத்தனை எண்களை எடுக்கலாம்?’ என்பதன்று. ‘இந்தக் கம்பி உண்மையில் எதை அறியும்?’ என்பதே. எந்திரம் அறியாததை அறிந்ததுபோல் காட்டும் திரை, எவ்வளவு அழகாக ஒளிர்ந்தாலும், பழைய எண்ணிக்கை மானியைவிட ஓர் அடி பின்னுக்குத்தான் நிற்கிறது.